பந்தோடு சேர்ந்து வரும் பாடம்

பெங்களூரில் அல்சூர் ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் கௌதமபுரம் இருக்கிறது. குறுகலான சந்துகள், ஒன்றையொன்று உரசி நிற்கும் வீடுகள், பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள். இங்கே நால்வருக்குச் சிலை உண்டு. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா என்று மூன்று பேரைச் சொன்னால் யாருக்கும் வியப்பு இருக்காது. நான்காவது சிலை பிரேசில் கால்பந்து வீரர் பீலேயுடையது.

அரசியல் தலைவர்களுக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும் சிலை வைத்துப் பழகிய தமிழர்கள், கடல் கடந்த ஒரு விளையாட்டுக்காரருக்குப் புத்தர் பக்கத்தில் இடம் கொடுத்திருப்பது வேடிக்கைச் செய்தியாகப் பத்திரிகைகளில் அவ்வப்போது தலைகாட்டும். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. இந்தத் தெருக்களில் யார் சொன்னால் பேச்சு எடுபடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை வேண்டியதில்லை.

இந்தப் பற்று நேற்று முளைத்ததல்ல. 1809ல் பிரிட்டிஷார் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது, படையோடு சேர்ந்து தமிழ்ப் பகுதிகளிலிருந்து சிப்பாய்களும் சமையல்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர்பெற்ற படைப்பிரிவின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரப் பட்டாளத்து மைதானங்களில் ஓடிய பந்து, வெகு சீக்கிரமே பக்கத்துக் குடியிருப்புகளின் சந்துகளுக்குள் வந்துவிட்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணியிடம் இந்தியா 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் நம் தரப்பின் ஒரே கோலைப் போட்டவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். அன்றைய மைசூர் மாநிலம் சந்தோஷ் கோப்பையை நான்கு முறை வென்றிருக்கிறது. கடைசி வெற்றி 1968-69ல். அடுத்த கோப்பைக்குக் கர்நாடகம் 2023 மார்ச் வரை, 54 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட ஒரு பகுதிக்குச் சுகாதாரத் துறை எப்படி வருகிறது? பெரும்பாலும் சுவரொட்டியாக. டெங்கு கொசு ஒன்று பெரிதாக வரையப்பட்டிருக்கும். கீழே கன்னடத்தில் நான்கு கட்டளைகள். அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் தினமும் பந்தோடு ஓடுகிற பையனை நிறுத்தி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் நேற்று மாலை கோச் திட்டியதை வரிக்கு வரி ஒப்பிப்பான். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடாதே என்று அம்மா சொன்னால் கேட்கமாட்டான். கோச் சொன்னால் பாட்டில் எடுத்துக்கொண்டு வருவான். வீட்டில் ஒரு பிள்ளையாவது விளையாட்டுப் பைத்தியமாக இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த எளிய உண்மையை முதலில் கண்டுபிடித்துக் காசாக்கியவர்கள் டாக்டர்கள் இல்லை. சிகரெட் கம்பெனிகளும் சாராயக் கம்பெனிகளும்தான்.

1990களில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு வில்ஸ் என்ற பெயர் நினைவிருக்கும். 1996 உலகக் கோப்பையே வில்ஸ் உலகக் கோப்பைதான். இந்திய ஆட்டக்காரர்களின் மார்பில் அந்தப் பெயர் 2001 வரை இருந்தது. அத்தனை வருடங்கள் அந்தச் சட்டையை அணிந்து விளையாடிய எந்த வீரரும் மைதானத்தில் நின்று புகைக்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. சதம் அடித்தவர் மட்டையை உயர்த்தும்போது டி.வி. கேமரா மார்பைக் காட்டினால் போதும். 2003ல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த ஆதரவுக்குத் தடை போட்டது.

சாராயத்தின் கதை இன்னும் நீளம். 1998ல் கல்கத்தாவின் இரு பெரும் கால்பந்துக் கிளப்புகளும் பெங்களூரின் ஒரே மது நிறுவனத்தோடு கைகோத்தன. ஈஸ்ட் பெங்காலுக்கு முன்னால் ஒரு பீர் பெயரும், மோகன் பகானுக்கு முன்னால் ஒரு விஸ்கி பெயரும் ஒட்டிக்கொண்டன. பல பத்தாண்டுகளாக ஜன்ம விரோதிகளாக இருந்த ரசிகர்கள் ஒரே முதலாளிக்காகக் கத்தினார்கள். 2008ல் ஐ.பி.எல். பிறந்தபோது பெங்களூர் அணிக்குக் கிடைத்த பெயரும் ஒரு விஸ்கியிலிருந்து வந்ததுதான். 2024ல் பெயரில் இருந்த ‘பெங்களூர்’ ‘பெங்களூரு’ ஆனது. விஸ்கி அப்படியே இருந்தது. மதுவுக்கு நேரடி விளம்பரம் கூடாது என்பதால் சோடா, தண்ணீர், மியூசிக் சி.டி. என்று பினாமி சரக்குகள் முன்னால் வருகின்றன. 2025 மார்ச்சில் மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர், ஐ.பி.எல். மைதானங்களிலும் ஒளிபரப்பிலும் புகையிலை, மது விளம்பரங்களைப் பினாமி உருவத்தில்கூட அனுமதிக்கக் கூடாது என்று கடிதம் எழுதினார். விளையாட்டு வீரர்களைப் பார்த்துத்தான் இளைஞர்கள் பழகுகிறார்கள் என்பதைக் கம்பெனிகள் அறிந்து கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகு எழுதிய கடிதம்.

எதை ஏற்றினாலும் விளையாட்டு சுமந்துகொண்டு போகும் என்று தெரிந்துவிட்டது. நல்லதை ஏற்றினால்? ஏற்றிப் பார்த்தவர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள்.

கென்யாவின் தலைநகர் நைரோபியில் மதாரே என்ற பெரும் குடிசைப்பகுதி. 1987ல் அங்கே பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கட்டிய பந்தோடு ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை வைத்து ஓர் இளைஞர் விளையாட்டுச் சங்கம் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் பணிகளில் ஆலோசகராக இருந்த பாப் மன்ரோ என்ற கனடாக்காரர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான் இதில் ருசியான விஷயம். லீக் பட்டியலில் மேலே ஏற ஆட்டத்தை ஜெயித்தால் மட்டும் போதாது. வார இறுதியில் அணி மொத்தமும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வந்து தெருக் குப்பையை அள்ள வேண்டும், சாக்கடை அடைப்பை எடுக்க வேண்டும். அதற்கும் பாயிண்ட் உண்டு. நன்றாக ஆடிவிட்டுச் சாக்கடைக்கு வராத அணி கோப்பையைக் கோட்டைவிடும்.

குப்பையும் தேங்கிய சாக்கடையும்தான் மதாரேயில் வயிற்றுப்போக்குக்கும் மலேரியாவுக்கும் ஊற்றுக்கண். இதைப் பாடமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் கொட்டாவி விட்டிருப்பார்கள். பாயிண்டாகச் சொன்னதால் மண்வெட்டி எடுத்தார்கள். 1994ல் அதே சங்கம் எய்ட்ஸ் பிரசாரத்தையும் கையில் எடுத்தது. ஆட்டக்காரர்களே பயிற்சி பெற்றுத் தங்கள் வயதுப் பிள்ளைகளிடம் பேசினார்கள். நம் ஊரில் தூய்மை இயக்கம் என்றால் புதுத் துடைப்பத்தோடு பிரமுகர் படம் எடுத்துக்கொள்வது என்று பழகிப்போன நமக்கு, தெருவைப் பெருக்குவதைக் கோல் கணக்கோடு சேர்த்த யோசனை கொஞ்சம் பொறாமையைத் தருகிறது.

தெற்கே ஜிம்பாப்வேயில் நிலைமை இதைவிடக் கடுமையாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் அந்த நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று. வீட்டுக்கு வீடு சாவு. ஆனால் எதனால் சாவு என்று யாரும் வாய்திறக்க மாட்டார்கள். புலவாயோ நகரின் ஹைலேண்டர்ஸ் கிளப்பில் ஒரு காலத்தில் ஆடிய அமெரிக்கர் டாமி கிளார்க், பிறகு குழந்தை மருத்துவரானவர். 2002ல் அவரும் ஜிம்பாப்வேயின் தேசிய அணி வீரர் மெதெம்பே என்ட்லோவு உள்ளிட்ட நண்பர்களும் சேர்ந்து ‘கிராஸ்ரூட் சாக்கர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்னொரு நண்பரான ஈதன் ஜோன் ஓர் அமெரிக்க டி.வி. போட்டியில் வென்ற பத்து லட்சம் டாலரில் ஒரு பகுதி இதற்கு உதவியது. டி.வி. போட்டிகளால் உலகத்துக்கு நன்மை விளைந்த அபூர்வத் தருணங்களில் இது ஒன்று.

அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை, ஆட்டம் கட்டினார்கள். ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகள் எதிரெதிரே வரிசையாக நிற்கும். ஓர் அணி, முதுகுக்குப் பின்னால் கை மாற்றிக் கை மாற்றிச் சிறு பந்து ஒன்றை நகர்த்தும். பந்து இப்போது யாரிடம் இருக்கிறது என்று எதிர் அணி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சிரிப்பும் கூச்சலுமாக நடக்கும். முடிந்ததும் கோச் கேட்பார்: “அந்தப் பந்துதான் எச்.ஐ.வி. என்றால்? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்ததா?” அதற்குமேல் விளக்கவுரை தேவைப்படாது.

இன்னொரு ஆட்டத்தில் மைதானத்தில் கூம்புகள் நட்டிருக்கும். ஒவ்வொரு கூம்புக்கும் ஓர் ஆபத்தின் பெயர். குடி, பலரோடு உறவு, ஆணுறை இல்லாத உறவு, வயதில் மிக மூத்தவரோடு உறவு இப்படி. கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் சுற்றில் பந்து கூம்பில் பட்டால் பட்டவன் மட்டும் தண்டால் எடுக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் அவன் அணி முழுதும். மூன்றாவது சுற்றில் எவன் தவறினாலும் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும். ஒருவனுக்கு வந்த நோய் குடும்பத்தையும் ஊரையும் எப்படிப் படுக்கப்போடும் என்பது தோள் வலிக்கும்போது புரியும். இந்த ஆட்டங்களை நடத்துகிற கோச்சுகள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய உள்ளூர் இளைஞர்கள். வெளியூர் நிபுணர் யாரும் வந்து குந்துவதில்லை.

உலகக் கால்பந்து சம்மேளனமும் பின்னால் வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் 2010ல் உலகக் கோப்பை நடப்பதற்கு முந்தைய ஆண்டு, அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் பதினொரு செய்திகள் கொண்ட ஒரு திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். கை கழுவுவது, சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, டாக்டர் கொடுத்த மருந்தை முழுதாகச் சாப்பிடுவது, பெண்களை மதிப்பது என்று அணியில் பதினொருவர் போல் பதினொரு பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கால்பந்து வித்தை ஜோடி. எதிராளியிடமிருந்து பந்தை உடம்பால் மறைத்துக் காப்பாற்றும் வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கையோடு கொசுவலையைப் பற்றிப் பேசினார்கள். கொஞ்சம் வலிந்து பொருத்தியது போலத் தெரியலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படித் தெரியாது.

இதெல்லாம் நடந்தபோது நாம் சும்மா இருந்துவிடவில்லை. 2006ல் டெல்லியில் நாஸ் பவுண்டேஷன் ஏழைப் பெண்பிள்ளைகளுக்காக ‘கோல்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி பணம் கொடுத்தது. எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்காகப் பல வருடம் வேலை செய்த அமைப்பு இது. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377வது பிரிவுக்கு எதிராக 2001ல் நீதிமன்றம் போனதும் இதுதான். இவர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு நெட்பால். பார்க்க பாஸ்கெட்பால் மாதிரி. ஆனால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கையில் வாங்கியதும் நின்று, அடுத்தவளுக்கு எறிய வேண்டும். அணிக்கு ஏழு பேர். ஒரு பந்து, இரண்டு கம்பம், இரண்டு வளையம் போதும். இடித்துத் தள்ளும் ஆட்டம் இல்லை என்பதால் பெற்றோரும் தலையசைத்தார்கள். கிரிக்கெட், கால்பந்து போல இது ‘பையன்கள் ஆட்டம்’ என்று யாரும் பட்டா போட்டு வைத்திருக்கவும் இல்லை.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுவார்கள். மாதவிடாய், சாப்பாடு, உடம்பைப் பற்றிய பயங்கள், யாராவது தொட்டால் என்ன செய்வது, காசை எப்படிச் சேர்ப்பது. திட்டம் மும்பை, சென்னை, பெங்களூர் என்று பரவியது. அதோடு நிற்கவில்லை. நைஜீரியாவுக்கும் ஜாம்பியாவுக்கும் கென்யாவுக்கும் போனது. ஆப்பிரிக்க ஏழைகளுக்கு மேற்கத்தியர்தான் யோசனை சொல்ல வேண்டும் என்று எழுதாத விதி ஒன்று உண்டு. டெல்லியில் பிறந்த ஒரு விளையாட்டுத் திட்டம் லாகோஸ் பெண்பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது நம் பத்திரிகைகளில் எட்டு வரிச் செய்திக்குமேல் இடம்பிடிக்கவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் விளையாட்டு மைதானம் ஒரு மருத்துவமனையும்கூட. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து ரத்தசோகை என்று டீச்சரால் சொல்ல முடியாது. தூங்குமூஞ்சி என்று வேண்டுமானால் திட்டலாம். இரண்டு சுற்று ஓடியதும் மூச்சு வாங்கிக் கண் இருட்டி உட்காருகிற பெண்ணை கோச் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். பள்ளிகளில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிவது பல இடங்களில் ஒரு துணை விளையாட்டு. இந்த மாத்திரை உன்னை இன்னும் ஒரு சுற்று ஓட வைக்கும் என்று கோச் சொல்லும்போது அதற்கு முதல்முறையாக ஓர் அர்த்தம் கிடைக்கிறது.

பெங்களூருக்குத் திரும்புவோம். இங்கே மைதானம் இன்னொரு காரணத்துக்காகவும் தேவைப்பட்டது. எச்.ஐ.வி. அதிகமாக இருந்த ஆறு மாநிலங்களில் ஒன்றாகக் கர்நாடகத்தைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு குறித்து வைத்திருந்தது. தமிழ்நாடும் அந்த ஆறில் ஒன்று. அப்படிப்பட்ட மாநிலத்தில், வளரிளம் பருவத்தினருக்கான கல்வித் திட்டம் 2007ல் நிறுத்தப்பட்டது. பாடப் புத்தகப் படங்கள் ஆபாசம் என்று வேறு பல மாநிலங்களிலும் அதே வருடம் கூச்சல் எழுந்தது, அங்கேயும் நின்றது. வகுப்பறைக் கதவைச் சாத்தியாகிவிட்டது. பிள்ளைகளின் வயது நிற்குமா? கேள்விகள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். கைபேசி வந்தபிறகு எங்கே போகின்றன என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறோம்.

1999ல் விஷால் தல்ரேஜாவும் அவருடைய நண்பர்களும் பெங்களூரில் தொடங்கிய ‘ட்ரீம் எ ட்ரீம்’ இந்த இடைவெளியில் வேலை செய்த அமைப்பு. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளி விட்ட பிறகு கூட்டிக் கால்பந்தும் கலைகளும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார வேண்டும். இன்று கோபம் வந்ததா, வந்தபோது என்ன செய்தாய், பந்து தரவில்லை என்று யாரிடம் சண்டை, அதை எப்படி முடித்தாய் என்று பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்கள்தான் அடிப்படை. அதே ஊரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமும் பள்ளிகளுக்காக இதே வழியில் பாடங்கள் தயாரித்தது. 2018ல் டெல்லி அரசுப் பள்ளிகளில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ வந்தபோது அதில் ட்ரீம் எ ட்ரீமும் பங்காளி.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ‘வாழ்க்கைத் திறன்’ ரொம்பச் சாதுவான வார்த்தை. கோபத்தை அடக்கு, கூடி வேலை செய், தன்னம்பிக்கை கொள் என்றெல்லாம் சொல்லும்போது யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. கல்வி அதிகாரி சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் புலவாயோவில் கூம்புகளுக்கு வைத்த பெயர்கள் அப்படிச் சாதுவானவை இல்லை. அவற்றை அப்படியே பெங்களூர் அரசுப் பள்ளி மைதானத்தில் நட்டால் மறுநாள் போராட்டம் நடக்கும். நடுவழி ஒன்றை இங்கே வேலை செய்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அது அவர்களுடைய குறையில்லை. நம்முடைய கூச்சத்துக்கு அவர்கள் கட்டும் வரி.

சரி, இவற்றால் பலன் உண்டா? ஆர்வலர்களைக் கேட்டால் மலை புரண்டது என்பார்கள். ஆராய்ச்சிகள் அவ்வளவு தாராளமாக இல்லை. மும்பையில் ‘பரிவர்த்தன்’ என்று ஒரு திட்டம். பெண்களை மதிப்பது, வன்முறை கூடாது என்பதையெல்லாம் கிரிக்கெட் கோச்சுகள் வழியாகப் பையன்களுக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு கோச்சுகள் நடத்திய ஒரு முயற்சியைப் பார்த்து எடுத்தது. முடிவை அளந்து 2014ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது இது: பையன்களின் எண்ணங்கள் மாறின. நண்பன் தப்புச் செய்யும்போது கூடச் சேர்ந்து சிரிக்கும் வழக்கம் சற்றுக் குறைவதுபோல் தெரிந்தது. ஆனால் அவர்கள் செய்ததாகச் சொன்ன வன்முறை குறையவில்லை. குறுக்கே போய்த் தடுப்பதும் கூடவில்லை. எண்ணத்துக்கும் கைக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது என்பது கோச்சுகளுக்குத் தெரியாததல்ல. பந்தை எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்தவனெல்லாம் அங்கே அடித்துவிடுகிறானா?

புலவாயோவில் செய்த இன்னொரு சோதனை வேறு விதமான பாடம் சொல்கிறது. ஆண்களுக்கு முன்தோலை நீக்கும் சிறு அறுவை செய்தால், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது என்று தெரிந்து, தொற்று அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு 2007ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. சொல்வது எளிது. செய்துகொள்ள முன்வர யாருக்கு மனம் வரும்? உள்ளூர்க் கால்பந்து அணிகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு மணி நேரம் பேசினார்கள். பேசியவர், தானே அந்த அறுவையைச் செய்துகொண்ட ஒரு கோச். பயந்தது, வலித்தது, ஆறியது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். பிறகு விருப்பப்பட்டவர்களோடு தொடர்பில் இருந்து, கூடவே ஆஸ்பத்திரிக்கும் வந்தார். அந்த அணிகளில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர் அறுவை செய்துகொண்டார்கள். பேச்சு நடக்காத அணிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஐந்து என்பது சிறிய எண்தான். கையில் சுவரொட்டியோடு நின்றிருந்தால் அந்த ஐந்தும் கிடைத்திருக்காது.

கடைசியில் ஆளிடம்தான் வந்து நிற்கிறது. பந்து ஒரு சாக்கு. பத்து, பன்னிரண்டு வாரம் அதே இடத்துக்கு அதே நேரத்துக்கு வருகிற, பிள்ளைகளின் வீடு தெரிந்த, அப்பா குடிப்பாரா என்று தெரிந்த, அதே தெருவில் வளர்ந்து கொஞ்சம் முன்னால் போன ஓர் அண்ணன் அல்லது அக்கா. அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது? கம்பெனிகள் சட்டம் 2013ன்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுகாதாரமும் விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உள்ளன. பெங்களூரில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கம்பெனிப் பணத்துக்குப் பிடித்தது ஒரு நாள் கோலாகலம். ஒரே நிறத்தில் முந்நூறு டி-ஷர்ட், பெயர் அச்சிட்ட பந்துகள், குரூப் போட்டோ. நாற்பது வாரம் சத்தமில்லாமல் ஒரு கோச்சுக்குச் சம்பளம் போவதில் போட்டோ எடுக்க என்ன இருக்கிறது? ஆப்பிரிக்காவிலும் இதே கவலைதான், அங்கே அது இன்னும் பெரிய கவலை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளைத் திடீரென்று நிறுத்தி வைத்தபோது எச்.ஐ.வி. பணிகள் கண்டம் முழுவதும் ஆட்டம் கண்டன. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்துக்கு, பெயரே கேள்விப்படாத ஊர்களில் வேலை போனது.

அடுத்தது இடம். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பாற்றக் கர்நாடகத்தில் 1985லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் பெங்களூரில் சாதாரணப் பிள்ளைக்குக் காசில்லாமல் ஓடக் கிடைக்கும் மண் குறைந்துகொண்டேதான் வருகிறது. பதிலுக்கு வலை கட்டிய, செயற்கைப் புல் போட்ட ‘டர்ஃப்’ மைதானங்கள் முளைத்திருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகை. ஐ.டி. அலுவலகம் விட்டு வரும் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். சந்துப் பிள்ளைகள் வலைக்கு வெளியே நின்று, தாண்டி வரும் பந்தை எடுத்துக் கொடுக்கலாம். மிச்சமிருக்கும் மண் திடலிலும் பையன்கள் ஆடி முடித்து இருட்டிய பிறகுதான் பெண்பிள்ளைகளின் முறை வருகிறது. இருட்டிவிட்டால் அவர்களை வீட்டில் விடுவதில்லை.

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. ஐந்து கமிஷனர்கள், ஐந்து பட்ஜெட். அவர்களுக்குப் புதிதாகத் திட்டம் தீட்டும் சிரமம்கூட வேண்டாம். வளரிளம் பருவத்தினருக்கான தேசிய சுகாதாரத் திட்டம் 2014 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. ஆயிரம் பேருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள் என்று அந்தந்த ஊர் இளையவர்களையே பொறுக்கி எடுத்து, தங்கள் வயதினரிடம் உடல்நலம் பேசவைப்பது அதன் ஏற்பாடு. ஆள் இருக்கிறது, அவர்கள் கையில் பந்து இல்லை. இன்னொரு பக்கம் 2018ல் தொடங்கிய கேலோ இந்தியா போட்டிகள். அங்கே பந்து உண்டு, கோச் உண்டு, பதக்கக் கணக்கு உண்டு. ஓடுகிற பெண்ணுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தத் துறையின் கணக்கில் வராது. ஒன்று சுகாதார அமைச்சகத்துக் கோப்பு, மற்றது விளையாட்டு அமைச்சகத்துக் கோப்பு.

ஒரே ஒரு வார்டில், ஓர் அரசுப் பள்ளியின் கேட்டை மாலை நாலரைக்குப் பூட்டாமல் ஆறரை வரை திறந்து வைக்கலாம். முதல் ஒரு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கு. அந்தப் பகுதியிலேயே ஆடி வளர்ந்த இரண்டு பேரை, ஓர் அண்ணனையும் ஓர் அக்காவையும், மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்கும் கருவியோடு மைதானத்துக்கு வரலாம். இதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டாம். பள்ளிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வாட்ச்மேனிடம் கேட்டால் தலைமை ஆசிரியர் என்பார். தலைமை ஆசிரியர், மேலிடத்து உத்தரவு வேண்டும் என்பார்.